நெருப்புக்கும் நீருக்கும் நடுவே ஒரு தகடு

டுப்... டுப்... டுப்... டுப்...

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. வயலில் ஆயில் இன்ஜின் ஓடுகிற சத்தம். ஓடுகிற வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். திடீரென்று நின்றால், தூங்குகிறவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்!

டீசல் தீர்ந்துபோயிருந்தால் கவலையில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ''ஹெட் கேஸ்கட் போயிடுச்சுங்க'' என்று சொன்னால்தான் விவசாயியின் முகம் வாடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் நாலு நாள் தண்ணீர் இல்லாவிட்டால், வருஷத்து உழைப்பு பதராகப் போய்விடுமே!

இந்த இன்ஜின் நம் வயலுக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. அதற்கு முன்னால் ஏற்றமும் கவலையும்தான். ஏற்றத்தில் மனிதன் முதுகு ஒடிய வேண்டும், கவலையில் மாடு. சென்னை இன்ஜினீயரிங் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயர், 1900-களின் தொடக்கத்தில் ஒரு கணக்குப் போட்டார். மாடு இறைப்பதைவிட மலிவாக இன்ஜினால் இறைக்க முடியுமா? கிணற்றில் இன்ஜினும் பம்பும் வைத்து ஓட்டியே காட்டினார். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தவரும் இதே மனிதர்தான். அரசாங்கம் இப்படித் தொழில்களில் இறங்குவது லண்டனுக்குப் பிடிக்கவில்லை. 1910-ல் இந்தியா மந்திரி மார்லி முட்டுக்கட்டை போட்டார். ஆனால், இன்ஜினின் ருசி கண்ட விவசாயி விடுவாரா?

1930 வாக்கில் இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற சிற்றூரிலிருந்து லிஸ்டர் கம்பெனியின் டீசல் இன்ஜின் வந்தது. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் பெரிய சக்கரம். நிமிஷத்துக்கு 600, 650 சுற்றுதான். யானை நடை! பின்னாளில் ராஜ்கோட் பட்டறைகள் அதைப் பார்த்து 'லிஸ்டர் டைப்' இன்ஜின்களைச் செய்து குவித்தன. 1946-ல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் பிறந்தது. அதற்கு முந்தின வருஷமே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படிப்பு வந்துவிட்டது. ஆனால், வயலில் நின்றுபோன இன்ஜினைக் கழற்றிப் பூட்டியவர்கள் பெரும்பாலும் கல்லூரி வாசலை மிதிக்காத மெக்கானிக்குகள்தான்.

சரி, அது என்ன கேஸ்கட்? டீசல் இன்ஜினுக்குள் காற்றை நசுக்குகிற நசுக்கில் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் டீசலைப் பீச்சினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். அந்த நெருப்பைச் சுற்றி, இரும்புச் சுவருக்கு அந்தப்பக்கம் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். சிலிண்டரும் அதன் தலையான 'ஹெட்'டும் சேருகிற இடத்தில், நெருப்பும் நீரும் கலந்துவிடாமல் காவல் நிற்பது ஒரு மெல்லிய தகடு. அதுதான் கேஸ்கட். சில இன்ஜின்களில் தனித் தாமிரம். சிலவற்றில் இரண்டு தாமிரத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ்.

காவல்காரன் அசந்தால் உடனே தெரிந்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் குமிழி குமிழியாகக் கிளம்பும். புகை வெள்ளையாக வரும். இன்ஜின் ஆயில் பால் காபி மாதிரி ஆகிவிடும்.

இங்கேதான் நல்ல மெக்கானிக்கையும் அவசர மெக்கானிக்கையும் பிரிக்கிற கோடு இருக்கிறது. அவசரக்காரர் புதுத் தகடு ஒன்றை வைத்து மூடிவிட்டுப் போவார். ஒரு மாசத்தில் மறுபடியும் அதே வியாதி! நல்லவர் முதலில் கேட்பது, ''இன்ஜின் ஏன் சூடாச்சு?''. கடலோரக் கிணறுகளின் உப்புத் தண்ணீர் உள்ளே காறையாகப் படிந்து வழியை அடைத்திருக்கலாம். தண்ணீர் ஓடாவிட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் ஹெட் மயிரிழை வளையும். வளைந்த ஹெட்டின் மேல் எத்தனை தகடு வைத்தாலும் ஒழுகும்தானே?

அதனால் அவர் இன்ஜின் ஆறுகிற வரை பொறுமையாகக் காத்திருப்பார். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். காறையைச் சுரண்டுவார். நேரான இரும்பு ஸ்கேலை ஹெட்டின் மேல் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் ஹெட் லேத் பட்டறைக்குப் போகும். புதுத் தாமிரத் தகடு கிடைக்காத ஊரில் பழையதையே செக்கச்செவேலெனக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார். கொல்லன் உளியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும். தாமிரமோ இளகி மெத்தென்று ஆகிவிடும்! திரும்பவும் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று தவணையாக முடுக்குவார். கொஞ்ச நேரம் ஓட்டி, ஆறவிட்டு இன்னொரு முறை முடுக்குவார். அந்தக் கடைசி முடுக்கில்தான் தொழிலே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தபிறகு ஆயில் இன்ஜினின் மவுசு குறைந்தது. ஆனால், அந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய பரீட்சை பாக்கியிருந்தது. 2004 டிசம்பர் 26. கடலூர் கரையில் சுனாமி! படகுகள் தரையில் கிடந்தன, இன்ஜின்கள் உப்பையும் மணலையும் குடித்திருந்தன. அப்படிப்பட்ட இன்ஜினை உடனே கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் போட்டு வைக்காவிட்டால் துரு தின்றுவிடும். இன்ஜின் செத்தால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பும் போச்சு. படகும் இன்ஜினும் சரிசெய்ய அரசும் தொண்டு நிறுவனங்களும் பணம் கொடுத்தன. பணம் கழற்றிப் பூட்டுமா? ஸ்பானர் பிடித்த கைகள்தான் அதைச் செய்தன.

அந்தக் கைகளுக்கு நாம் என்ன கொடுத்தோம்? பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, தூசியை வாயால் ஊதித் தள்ளுவது பட்டறைப் பழக்கம். அந்தத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நுரையீரலுக்குள் போனால், இருபது முப்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக முளைக்கும் விஷயம் அது. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பழைய இன்ஜின்கள் இன்னும் சில பட்டறைகளுக்கு வரத்தான் செய்கின்றன. தண்ணீர் தெளித்து, நனைத்துச் சுரண்டினால் தூசி பறக்காது. வாயால் ஊதவே கூடாது. இந்த வரிகளைப் படிக்கிறவர்கள், தெரிந்த மெக்கானிக் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

நம் பயிருக்குத் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.