விழுப்புரம் வட்டாரப் பனங்கள்

பனங்கள் என்பது பனையின் பாளையிலிருந்து வடியும் இனிப்புச் சாறு தானே புளித்து உண்டாகும் மது. விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம், வானூர், மரக்காணம் பகுதிகளில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கும் பனைகள் இதற்கு மூலம். சாதாரண பீரைப் போலவே இதிலும் ஆல்கஹால் 4 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும், நுரையும் கட்டும். ஆனால் பீர் வடிக்க வாற்கோதுமையை முளைகட்டி, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். பனங்கள்ளில் சர்க்கரையை மரமே தந்துவிடுகிறது. ஈஸ்ட் காற்றிலிருந்தும் பூச்சிகளின் காலிலிருந்தும் பழைய கலயத்தின் வண்டலிலிருந்தும் வந்து சேர்கிறது. மனித உழைப்பு முழுவதும் மரத்தின் உச்சியில்தான்.

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆணை அலகுப்பனை என்றும் பெண்ணைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். இரண்டிலும் சாறு இறக்கலாம். மரம் பாளை விட 15 ஆண்டுகளுக்கு மேலாகும்; பருவம் பெரும்பாலும் தை, மாசியில் தொடங்கி ஆனி வரை நீள்கிறது. பனையேறி ஆண் மரப் பாளையின் விரல்போல் நீண்ட அலகுகளைச் சேர்த்துக் கட்டி, கடிப்பு என்னும் மர இடுக்கியால் சில நாட்களுக்கு இதமாக நசுக்கிவிடுவார். அழுத்தம் மிஞ்சினால் பாளை கருகிவிடும், குறைந்தால் சாறு ஊறாது. பிறகு நுனியைத் தாள் கனத்துக்குச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். ஒருமுறை சீவிய வாய் சில மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும் என்பதால் காலையும் மாலையும் ஏறிச் சீவியாக வேண்டும். ஒரு நாள் விட்டாலும் அந்தப் பாளையின் ஊற்று தளர்ந்துவிடும். காய்ச்சல் வந்தாலும் மழை பெய்தாலும் மரம் காத்திருக்காது என்பது இந்தத் தொழிலின் முதல் கஷ்டம்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள். இரண்டுக்கும் மரம் ஒன்று, பாளை ஒன்று, சீவும் கை ஒன்று. சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுத்துச் சர்க்கரையை அப்படியே காக்கிறது. அந்தப் பதநீரைக் காய்ச்சித்தான் கருப்பட்டி எடுக்கிறார்கள். சுண்ணாம்பில்லாக் கலயத்தில் சொட்டு விழத் தொடங்கியதுமே நொதித்தல் ஆரம்பித்துவிடுகிறது. முதலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சாற்றைச் சற்றுப் புளிக்கவைக்கின்றன. சாக்கரோமைசிஸ் ஈஸ்ட்டும் சைமோமோனாஸ் பாக்டீரியாவும் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. காற்றுப் பட்டு நேரம் ஆக ஆக அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் மேலோங்கி ஆல்கஹாலைக் காடியாக்குகின்றன. இரவில் ஊறி விடியலில் இறக்கும் கள் இனிப்பும் இளம்புளிப்புமாக, வெள்ளை நுரையோடு, மிதக்கும் தேனீயும் எறும்புமாக வரும். அதைப் பன்னாடையில் வடிகட்டுவார்கள். நண்பகலில் புளிப்பு ஏறும். மறுநாள் அதில் குடிக்கத் தகுந்த சுவை அநேகமாக மிஞ்சாது.

பீருக்கும் கள்ளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த ஆயுள்தான். பீரில் சேர்க்கும் ஹாப் என்னும் கொடியின் பூங்கொத்து கசப்பையும் மணத்தையும் தருவதோடு காவலும் செய்கிறது. கொதிக்கும்போது அதன் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறி லாக்டிக் பாக்டீரியாக்களை அடக்குகின்றன. ஈஸ்ட்டை அவை தொடுவதில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் போ மதுவாலையிலிருந்து ஹாட்ஜ்சன் அனுப்பிய ஹாப் மிகுந்த வெளிர் பீர், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வந்தும் சென்னையிலும் கல்கத்தாவிலும் கெடாமல் விலைபோனது. பின்னாளில் இந்தியா பேல் ஏல் என்று பெயர் பெற்றது அந்த வகைதான்; இன்றைய கைவினை பீர்க்காரர்கள் கசப்பைக் கூட்டிக் கூட்டிச் சோதனை செய்வதும் அதைத்தான். பனங்கள்ளோ மரத்திலிருந்து இரண்டு ஊர் தள்ளிப் போவதற்குள் புளித்துவிடும்.

கள்ளுக்கு ஹாப் போன்ற துணை கிடையவே கிடையாது என்பதில்லை. பிலிப்பைன்ஸில் தென்னங்கள்ளில் கண்டல் மரப்பட்டையை இடுகிறார்கள். கள் செந்நிறமாகி, துவர்ப்பேறி, சற்றே நீடித்து நிற்கும். நைஜீரியாவில் ஒரு காட்டு மரத்தின் பட்டையும், இலங்கையில் ஹல் மரப்பட்டையும் இதே வேலைக்குப் பயன்பட்டன. தமிழ்நாட்டில் வெள்வேலம் பட்டை பயன்பட்டது சாராயம் காய்ச்சத்தான். பட்டைச் சாராயம் என்ற பெயர் அதனால் வந்தது. விழுப்புரம் பக்கத்துப் பனையேறிக்குத் தெரிந்த காப்புப் பொருள் சுண்ணாம்பு ஒன்றே. அதுவும் புளிப்பைத் தாமதப்படுத்தாமல் அடியோடு நிறுத்திவிடுகிறது, ஆகவே கள்ளுக்கு உதவாது.

ஆயுள் குறைவு கள்ளின் வணிகத்தையும் கெடுத்தது. தேவைக்கு ஏற்ப உற்பத்தியைக் கூட்டவோ, மிஞ்சியதைச் சேமிக்கவோ முடியாத சரக்கு, கடைக்காரர் கையில் கலப்படத்துக்கு எளிதில் இடம் கொடுத்தது. தண்ணீரும் சாக்கரினும் சேர்ப்பது ஒருபுறம். குளோரல் ஹைட்ரேட் போன்ற மயக்க மருந்துகளைக் கலந்து போதை ஏற்றியதே உயிருக்கு ஆபத்தானது. கள்ளைத் தடை செய்ததற்கு அரசுத் தரப்பில் சொல்லப்பட்டு வரும் முதன்மைக் காரணமும் கலப்படமே.

மதுவிலக்குச் சட்டம் ராஜாஜி ஆட்சியில் 1937இல் சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணம் முழுவதற்கும் அதை 1948இல் விரிவுபடுத்தியவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார். பனை அடர்ந்த ஊரில் பிறந்தவரே மாகாணத்தின் கள்ளுக்கடைகளை மூடினார். 1971இல் விலக்கு தளர்ந்து கடைகள் திறந்தன. சில ஆண்டுகளில் மறுபடி மூடப்பட்டு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981இல் திரும்பத் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. கள்ளுக்கான தடை இன்றும் நீடிக்கிறது. ஆலை பீரையும் பிராந்தியையும் 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசே சில்லறையாக விற்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தத் தடைக்குத் தனி விநோதம் ஒன்று உண்டு. புதுச்சேரியின் நிலப்பகுதி தொடர்ச்சியாக இல்லாமல் தமிழக ஊர்களுக்கு இடையிடையே துண்டு துண்டாகக் கிடக்கிறது. அங்கே கள்ளுக்கடைக்கு அனுமதி உண்டு. கண்டமங்கலம், வானூர்ப் பக்கம் ஒரு வாய்க்காலைத் தாண்டினால் கள் விற்பது தொழில், தாண்டாவிட்டால் குற்றம். பதநீர் இறக்கும் பனையேறியின் கலயத்தில் சுண்ணாம்பு போதாமல் சாறு புளித்துப்போனால்கூட வழக்கில் சிக்கும் அபாயம் இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் இறந்தபோது, கள்ளுக்கு அனுமதி கோருவோர் அதைத் தங்கள் வாதத்துக்குச் சான்றாக்கினர். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டி அருகே பூரிகுடிசையில் கள் விடுதலை மாநாடு நடந்தது.

ஆயுள் சிக்கலுக்கு யாழ்ப்பாணம் வேறு வழி கண்டது. அங்கே பனை, தென்னை வள கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சேகரித்து, வெப்பமூட்டி நுண்ணுயிர்களைச் செயலிழக்கச் செய்து, போத்தலில் அடைத்து விற்கின்றன. வெளிநாடுகளுக்கும் அது போகிறது. சூடு பட்டதும் நொதித்தல் நின்றுவிடுவதால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். விடியற்காலைக் கலயத்தின் நுரைப்பும் பச்சை மணமும் போத்தலில் குறைந்துவிடும் என்பதைக் குடித்துப் பழகியவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.