பிச்சாவரத்திலிருந்து தேவனாம்பட்டினம் வரை: வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய நீர்வழி

கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமரப் படியுங்கள்.

வசதியுள்ள குடும்பங்களில் இப்போது ஒரு புதுப் பழக்கம் பார்க்கிறேன். பிள்ளைகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகும் முன், அல்லது கல்யாணம் ஆகும் முன், எல்லாரும் சேர்ந்து ஒரு கப்பல் பயணம் போகிறார்கள். நார்வே, அலாஸ்கா என்று வடகோடிக் கடல்கள். பனிமலை, நீல நீர், கப்பல் மேல்தளத்தில் குடும்பப் படம். நல்லதுதான். அந்த வயதுக்கு மேல் பிள்ளைகள் நம்மோடு நான்கு நாள் சேர்ந்து இருப்பதே அபூர்வம்.

ஆனால் அந்த வடகடல் வழிகள் உல்லாசத்துக்காகப் பிறந்தவை அல்ல. நார்வேயின் புகழ்பெற்ற கரையோரக் கப்பல் வழி 1893-ல் தொடங்கியது தபாலுக்காக. ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் திரான்ஹெய்ம் நகரிலிருந்து வடக்கே ஹாமர்ஃபெஸ்ட் வரை நீராவிக் கப்பல் ஓட்டினார். அதற்கு முன் குளிர்காலத்தில் ஒரு கடிதம் அங்கே போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். அலாஸ்காவின் உள்கடல் வழியில் 1897, 1898-ஆம் ஆண்டுகளில் கப்பல் கப்பலாகப் போனவர்கள் தங்கம் தேடிப் போன ஏழை எளியவர்கள். இன்று நாம் அழகு பார்க்கும் நீர்வழி எல்லாம் ஒரு காலத்தில் யாரோ வேலை பார்த்த நீர்வழிதான்.

நம் ஊரிலும் அப்படி ஒரு நீர்வழி உண்டு. சிதம்பரத்தை விட்டுப் புறப்பட்டு, பிச்சாவரம், வெள்ளாறு, பரங்கிப்பேட்டை, உப்பனாறு, கெடிலம் என்று வடக்கே கடலூர் தேவனாம்பட்டினம் வரை போகிற வழி. ஒரே படகில் முழுவதும் போக முடியாது. பிச்சாவரத்தில் படகு, மற்ற இடத்துக்குப் பேருந்தோ பாசஞ்சர் ரயிலோ. சிதம்பரம் - கடலூர் ரயில் பாதையில் கிள்ளை, பரங்கிப்பேட்டை என்று நிலையங்களே இருக்கின்றன. இந்த வழியில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல நினைக்கிறேன்.

*தில்லை என்பது மரத்தின் பெயர்*

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். தில்லை நடராசர், தில்லைக் கோவிந்தராசர், தில்லைக் காளி என்று நாள்தோறும் சொல்கிறோம். தில்லை மரத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்? அது கோயிலின் தலமரம். ஆனால் கோயிலுக்குள் தேடினால் கிடைக்காது. பிச்சாவரத்தில் கிடைக்கும். உப்பும் சேறும் கலந்த கழிமுகத்தில் வளரும் மரம் அது. கிளையை ஒடித்தால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே ஒரு பெரிய கோயில் நகரம் தன் பெயரை அலையாத்திக் காட்டிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. இந்த ஒரு செய்தியைச் சொன்னாலே இருபது வயதுப் பிள்ளை கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தும்.

பிச்சாவரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பு. நடுவே ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். சுரபுன்னை தன் முட்டு வேர்களை ஊன்றி நிற்கும். வெண்கண்டல் சேற்றுக்கு மேலே ஆணி அடித்தது போல மூச்சு வேர்களை நீட்டியிருக்கும். பெரியவர்களுக்கு இந்த இடம் 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தால் தெரியும். பிள்ளைகளுக்கு 2008-ல் வந்த 'தசாவதாரம்' படத்தால் தெரியும். 2022-ல் உலக அளவிலான ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

*வெட்டியதும் நாம், மீட்டதும் நாம்*

படகில் போகும்போது இந்தக் காடு ஆதியிலிருந்து இப்படியே இருந்தது என்றுதான் தோன்றும். உண்மை வேறு. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்து இந்தக் காட்டை மொட்டையாக வெட்டினார்கள். ஒரு பகுதியை வெட்டி முடித்து அடுத்த பகுதிக்குப் போவார்கள். வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்பது கணக்கு.

வளரவில்லை. ஏன் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த ஈரம் ஆவியாகி, தரை தட்டு போலக் குழிந்தது. கடல் ஏறும்போது வந்த நீர் அந்தக் குழியில் தேங்கியது. இறங்கும்போது திரும்பிப் போக வழியில்லை. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு ஏறியது. உப்பைத் தாங்கும் மரத்துக்கும் ஓர் அளவு உண்டல்லவா? அந்த அளவு தாண்டியதால் நிலம் பொட்டலாகவே கிடந்தது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து இதற்கு மருந்து கண்டார்கள். மருந்து மிக எளியது: வாய்க்கால். இயற்கை ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும். கடல் ஏறும்போது நீர் உள்ளே வந்தது, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. பிறகு கன்றுகளை நட்டார்கள். காடு திரும்பியது.

இந்த வேலையில் மண்வெட்டி பிடித்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள மீனவர், விவசாயிகளோடு, கழியில் இறங்கி வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும் இந்தக் காட்டை நம்பி வாழ்பவர்கள். சாதிச் சான்றிதழுக்கே அவர்கள் நெடுங்காலம் அலைய வேண்டியிருந்தது. படகில் நாம் ஒரு மணி நேரம் ரசிக்கும் இடம் அவர்களுக்கு அன்றாடச் சோறு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நம் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைக் கரையோரக் குடியிருப்புகள் பதினெட்டை ஆராய்ந்து, மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று எழுதினார்கள். வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கை எடுத்து, மேடான இடமும் கடலிலிருந்து இருந்த தொலைவும்தான் பெரிய காரணம் என்று மறுத்தார்கள். இந்த வாதத்தையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கல்லூரி முடித்த பிள்ளைக்கு 'காடு நம்மைக் காத்தது' என்ற ஒரு வரி போதாது. எவ்வளவு காத்தது, எப்படித் தெரியும் என்று கேட்கிற வயது அது.

*பரிசலில் வந்த இரும்பு*

பிச்சாவரத்துக்கு நன்னீர் கொண்டுவருவதில் கான்சாகிப் வாய்க்காலுக்குப் பெரும்பங்கு உண்டு. வயலுக்குப் பாய்ச்சும் வாய்க்கால் என்றுதான் நாம் அறிவோம். 19-ஆம் நூற்றாண்டில் அதன் வழியே இரும்புக் கல் போயிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். கல் சேலத்து மலையிலிருந்து வர வேண்டும். எப்படி வந்தது? பரிசலில்! காவிரி, கொள்ளிடம் வழியாக மிதந்து வந்து, கான்சாகிப் வாய்க்காலில் திரும்பி, ஆலைக்குச் சேர்ந்தது. உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. உலை எரிந்தது மரக்கரியில். மரம் குறையக் குறையக் கரி கிடைப்பது கடினமாயிற்று. கம்பெனி கைமாறியும் தொழில் நிலைக்கவில்லை; அந்த நூற்றாண்டு முடியும் முன்பே ஆலை மூடப்பட்டது.

பரங்கிப்பேட்டை என்ற பெயரே பரங்கியரால் வந்தது. போர்ச்சுகீசியர் இட்ட 'போர்ட்டோ நோவோ' என்றால் புதிய துறைமுகம். முஸ்லிம் வணிகர்களுக்கு அது மஹ்மூது பந்தர். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் வெள்ளாற்று முகத்துவாரத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். இன்று அதே ஆற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அன்று துணி தேடி வந்தார்கள். இன்று இறால் குஞ்சையும் அலையாத்தி வேரையும் படிக்க வருகிறார்கள்.

1781-ல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரும் இந்தக் கரையில்தான். தளபதி அயர் கூட் ஜூன் மாதத்தில் சிதம்பரம் கோயிலைத் தாக்கினார். ஐதரின் வீரர்கள் அதைக் கோட்டையாக்கி வைத்திருந்தார்கள். கூட் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டை அருகே நடந்த சண்டையில் வென்றார். ஏன் கடற்கரையை ஒட்டியே நின்றார்? அவர் படைக்குச் சோறு கடல் வழியே வந்தது. தரை முழுக்க ஐதரின் குதிரைப்படை. நீர் மட்டும் ஆங்கிலேயர் கையில். வரைபடத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். பாடப்புத்தகத்தின் 'இரண்டாம் மைசூர்ப் போர்' சட்டென்று நம் ஊர்க் கதையாகிவிடும்.

*பீரங்கிக் குண்டு அளந்த நிலம்*

வடக்கே கடைசி இடம் தேவனாம்பட்டினம். இன்று வெள்ளிக் கடற்கரை என்று சுண்டல் வாங்கி அலை பார்க்கிறோம். பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டை. 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை சுற்றியுள்ள நிலம் எல்லாம் வாங்கியவருக்கு என்பது பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். கடலூரில் குண்டு உப்பலவாடி என்று சொல்லும்போது அந்த பீரங்கிச் சத்தம் இன்னும் கேட்கிறது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும், 1752 வரை ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரையின் தலைமையிடம் இதுதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார்.

இதே கடலூரில் உப்பனாறும் இருக்கிறது. 1980-களில் அதன் கரையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது; ஆற்றில் ரசாயனக் கழிவு என்ற புகாரும் வந்தது. கரையோர மக்கள் பல ஆண்டுகளாக அதற்காகப் போராடி வருகிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகும்போது இந்த ஆற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பிச்சாவரம் அழகாக இருப்பதற்கும் உப்பனாறு இப்படி இருப்பதற்கும் காரணம் விதி அல்ல. இரண்டிலும் மனிதர் எடுத்த முடிவு இருக்கிறது.

*ஏன் வளர்ந்த பிள்ளைகள்?*

சின்னப் பிள்ளைகளுக்குப் படகே போதும். இருபது, இருபத்திரண்டு வயதில்தான் இடத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு புரியும். அதே வயதில்தான் பெங்களூருக்கோ துபாய்க்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். நாளை அவர்களில் ஒருவர் பொறியாளராக, அதிகாரியாக உட்கார்ந்து ஏதோ ஓர் ஊரின் ஆற்றைப் பற்றிக் கையெழுத்துப் போடப் போகிறார். மரத்தை முறை வைத்து வெட்டச் சொன்னவரும் ஒரு நாள் படித்த பிள்ளைதான். மீன்முள் வாய்க்காலை வரைந்தவரும் படித்த பிள்ளைதான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் படகில் உட்கார முடியாது. நவம்பர் முதல் ஜனவரி வரை வலசைப் பறவைகள் நிறைய. மழை நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகில் போங்கள். குறுகலான ஓடைக்குள் அதுதான் நுழையும், சத்தமில்லாமல் பேசவும் முடியும். தில்லை மரம் எது என்று படகுக்காரரைக் கேளுங்கள், காட்டுவார். தொடாமல் பாருங்கள். மாசி மகத்துக்குப் போனால் கிள்ளையில் இன்னொன்றும் காணலாம்: ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி தீர்த்தவாரிக்கு வரும்போது, அந்த ஊர் முஸ்லிம் பெருமக்கள் மரியாதை செய்து வரவேற்பார்கள்.

நார்வேக்கு அடுத்த வருடம் போகலாம். அந்த மலைகள் எங்கும் போய்விடாது. விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரம் போய் வாருங்கள்.