ராமோன்ஸ்: உடன்பிறவாச் சகோதரர்கள்

1996 ஆகஸ்ட் 6 அன்று, ஹாலிவுட்டின் பேலஸ் அரங்கில் தம் 2,263ஆவது நிகழ்ச்சியோடு ராமோன்ஸ் குழு விடைபெற்றது. பங்க் ராக் இசைக்கு இலக்கணம் வகுத்த அக்குழுவை நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் இசை மட்டுமன்று.

1974இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இணைந்த நால்வர் அவர்கள். உடன்பிறந்தோர் அல்லர், எனினும் ராமோன் என்பதையே குடும்பப் பெயராகச் சூடிக்கொண்டனர். நீண்ட கிட்டார் ஆலாபனைகள் கோலோச்சிய காலத்தில் இரண்டு நிமிடப் பாடல்களோடு வந்தனர். 1976இல் வெளியான முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள். மொத்தம் அரைமணி நேரத்திற்கும் குறைவு. ஒலிப்பதிவுச் செலவு ஏறத்தாழ 6,400 டாலர். அவ்வாண்டு ஜூலையில் லண்டனில் அவர்கள் வாசித்தது, அங்கு முளைவிட்டிருந்த பங்க் இசைக்கு உரமாயிற்று. பெரும் விற்பனை மட்டும் கைகூடவில்லை.

தொடக்கம் முதல் இறுதிவரை குழுவில் நிலைத்தவர்கள் பாடகர் ஜோயியும் கிட்டார் கலைஞர் ஜானியும். அவ்விருவரும் மனம் முறிந்து, பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. ஆயினும் ஒரே மேடையில் நின்றனர். நட்பு தோற்ற இடத்திலும் தொழில்மீது வைத்த பற்று தோற்கவில்லை. நாம் வணங்குவது இதைத்தான்.

அந்த முதல் ஆல்பம் அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்றிதழைப் பெற்றது 2014இல். ஜோயி, டீ டீ, ஜானி மூவரும் அதற்குள் மறைந்துவிட்டிருந்தனர். எஞ்சியிருந்த டாமியும் அவ்வாண்டு ஜூலையில் காலமானார்.