கைபீது முதல் கைபேசி வரை: சித்தூர் வட்டாரத்தில் வாய்மொழி வரலாறு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பெரியவர்களைக் கேட்டு வரலாறு எழுதும் வழக்கம் இருநூறு ஆண்டுப் பழமை உடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு ஊர்களின் வரலாறுகளைத் திரட்டினார். காவலி லட்சுமய்யா முதலிய உதவியாளர்கள் அவருக்காக ஊர் ஊராகச் சென்று விசாரித்தனர். 1800இல் நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த கடப்பைச் சீமையும் அந்த வேலையில் அடங்கியது. பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்த மதனப்பள்ளி, வாயல்பாடு பகுதிகள் அப்போது அந்தச் சீமையில் இருந்தன.

இப்படித் திரட்டிய ஊர் வரலாறுகளுக்குக் கைபீது என்று பெயர். காடு திருத்தி ஊர் கட்டியவர் யார், ஏரி வெட்டியவர் யார், கோயிலுக்கு மானியம் விட்டவர் யார், எந்தப் பாளையக்காரர் ஆண்டார் என்று அவை வரிசையாகச் சொல்கின்றன. மெக்கன்சியின் சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. ஆனால் கைபீதுக்குச் செய்தி தந்தவர்கள் பெரும்பாலும் ஊர்க் கணக்கர்களான கர்ணங்களும் கோயிலைச் சேர்ந்தவர்களும்தான். ஏரி வெட்டக் கூலிக்கு மண் சுமந்தவர்களிடம் கேட்டு எழுதியது அரிது.

தனி மனிதரின் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியும் முறை 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய திட்டம் முதலில் பிரமுகர்களையே நாடியது. 1966இல் ஜார்ஜியா மாநிலத்துப் பள்ளி மாணவர்கள் ‘ஃபாக்ஸ்ஃபயர்’ என்ற இதழுக்காகத் தங்கள் மலையூர்ப் பெரியவர்களைத் தேடிப் போனார்கள். மரவீடு கட்டுவது, பன்றி இறைச்சியைப் பதப்படுத்துவது போன்ற வீட்டு வேலைகளே அங்கே வரலாறாயின. மாணவர் கையில் வாய்மொழி வரலாறு வந்ததற்கு இதுவே பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. நம் வட்டாரத்திலும், திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை என்ற அம்மன் திருவிழாவை ஆராய்ந்த ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், அம்மனோடு வாழ்க்கை பிணைந்த பெண்களின் கதைகளையும் பதிவு செய்தார். அந்த ஆய்வு 2013இல் நூலாக வெளிவந்தது.

இந்த வட்டாரத்தில் முதியோர் ஒருவரின் வாழ்க்கையைக் கேட்டால் எல்லைக்கோடு குறுக்கிடாமல் போகாது. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்துக்குப் போனது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் தீர்ப்பு, 1959ஆம் ஆண்டுச் சட்டம் என்று விவகாரம் நீண்டு, 1960 ஏப்ரல் 1 அன்று அம்மாவட்டத்தில் இருந்த திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த சத்தியவேடு ஆந்திரப் பிரதேசத்துக்குப் போனது. 1940இல் திருத்தணியில் பிறந்து ஊரைவிட்டு நகராத ஒருவர், இருபது வயதுக்குள் சென்னை, ஆந்திரம், ஆந்திரப் பிரதேசம், மறுபடியும் சென்னை என்று மாநிலம் மாறிவிட்டார். சத்தியவேட்டில் பிறந்தவருக்கு 1960இல் மாநிலமும் மாவட்டமும் மாறின. 2022இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது மாவட்டம் இன்னொரு முறை மாறியது.

மாறிய கிராமங்களின் பட்டியல் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பாடமொழி மாறிய வகுப்பில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள், பத்திரப் பதிவுக்கு எந்த ஊருக்கு அலைந்தார்கள், எல்லைக்கு அப்பால் பெண் கொடுப்பது நின்றதா தொடர்ந்ததா என்பவை அதில் இல்லை. அவற்றை நேரில் அனுபவித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. தேதி கேட்டால் தடுமாறுகிறவர்களும் நிகழ்ச்சியை வைத்துக் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944இல் திறந்தது. அதற்கு முன் நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். திருப்பதியில் வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954இல் வந்தது. “மலைக்கு பஸ் வருவதற்கு முன்பா, பின்பா?” என்ற கேள்வி ஆண்டைக் கிட்டத்தட்டப் பிடித்துக் கொடுத்துவிடும். “ஊர் பிரிந்த வருஷம்” என்று ஒருவர் சொன்னால் அது 1953ஆ, 1960ஆ என்று திருப்பிக் கேட்பது அவசியம். தெலுங்கு கலந்த தமிழைத் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும். அந்தக் கலப்பும் சான்றுதான். சொன்னதை அரசிதழோடும் பத்திரங்களோடும் ஒப்பிட வேண்டும். கைபேசியில் எடுத்த பதிவின் ஒரு பிரதி சொன்னவர் குடும்பத்துக்குச் சேர வேண்டும்.

1960இல் எல்லை மாறிய நாளில் பத்து வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபத்தைந்து வயதாவது ஆகிவிட்டது. சித்தூர், திருப்பதி, திருத்தணிப் பள்ளி கல்லூரிகள் இந்தப் பதிவைத் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும்.