ஏற்காட்டின் ஆர்க்கிட் பூங்காவும் குரோமோசோம் கணக்கும்

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்பார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபிப் பயிரைக் கொண்டு வந்தார். காபித் தோட்டங்கள் பெருகப் பெருகக் காடு சுருங்கியது. மரக்கிளைகளைப் பற்றி வாழும் ஆர்க்கிட் செடிகளுக்கு மரம் போனால் வீடே போன மாதிரிதான்.

1963ல் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை (பி.எஸ்.ஐ.) ஏற்காட்டில் ஆர்க்கிட் பூங்காவை ஏற்படுத்தியது. பல மலைகளின் ஆர்க்கிட்டுகளை ஓரிடத்தில் காப்பதே இதன் நோக்கம்.

இப்படி வளர்க்கும் செடிகளால் இன்னொரு பயனும் உண்டு. செடியைக் கொல்லாமல் வேர் நுனியை மட்டும் கிள்ளி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குரோமோசோம்களை எண்ணலாம். நம் ஊர் மரங்களில் வளரும் வாண்டா டெஸ்ஸலேட்டாவில் 38 இருக்கும். பாபியோபெடிலம் என்ற பேரினத்திலோ இனத்துக்கு இனம் 26 முதல் 42 வரை மாறும். காரணம், பரிணாமத்தில் நீண்ட குரோமோசோம்கள் நடுவில் முறிந்து இரண்டிரண்டாகி இருக்கின்றன. பத்து ரூபாய் நோட்டை இரண்டு ஐந்து ரூபாயாக மாற்றுவது போல, எண்ணிக்கை கூடும், மதிப்பு கூடாது.

ஆகவே குரோமோசோம் எண்ணிக்கை வேறு, மரபணு வளம் வேறு. ஒரே எண்ணிக்கை கொண்ட இரு செடிகளில் ஒன்று நோயைத் தாங்கலாம், மற்றது தாங்காமல் போகலாம்.

இதன் அருமையைப் பாபியோபெடிலம் ட்ரூரியின் கதை காட்டும். 1865ல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்த இந்தச் செடி, அகத்தியர் மலைப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அழகுக்காக ஆட்கள் பறித்துப் பறித்து, பல காலம் கண்ணிலேயே படாமல் போனது. 1970களில் மீண்டும் கிடைத்தது. இன்றும் அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது.

ஒரு தொட்டிச் செடியைப் பிரித்துப் பத்துத் தொட்டி ஆக்கினாலும் மரபணு ஒன்றுதான். வெவ்வேறு செடிகளை மகரந்தச் சேர்க்கை செய்து விதையிலிருந்து வளர்த்தால்தான் வேறுபாடு நிலைக்கும். ஆர்க்கிட் விதை தூசி போன்றது, அதில் உணவுச் சேமிப்பு கிடையாது. காட்டில் பூஞ்சையின் துணையில்தான் முளைக்கும். 1922ல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்துக் காட்டினார்.

அதனால் இன்று பூங்காக்களால் ஏராளமான நாற்றுகளை வளர்க்க முடியும். ஆனால் அந்த விதைக்குப் பலவகைத் தாய்ச் செடிகள் வேண்டும். அவை மலையில்தான் இருக்கின்றன. பூங்கா செடியின் பெயரைக் காக்கும். இனத்தைக் காக்கக் காடும் வேண்டும்.