புறப்புண்ணின் தர்க்கம்: சார்லி நாஷ் இறப்பும் அதன் பாடபேதங்களும்

1991-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் ஆர்கேட் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில் சார்லியைத் தேடினால் கிடைக்கமாட்டான். ஆட்டக்காரர் தேர்ந்துகொள்ள எட்டு வீரர்கள்; அவர்கள் கடைசியாக மோதித் தீர்க்க வேண்டியவர்கள் இன்னும் நால்வர். எட்டுப் பேரில் ஒருவன் கைல், அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்தவன். நண்பன் சார்லியைக் கொன்ற, அந்த நால்வரில் கடைசி எதிரியான பைசனைப் பழிதீர்க்கவே அவன் களத்துக்கு வருகிறான். வென்று, பைசனைத் தீர்த்துக்கட்டக் கை ஓங்கும் வேளையில் அவனுடைய மனைவியும் மகளும் வந்து தடுக்கிறார்கள். இந்தக் கதை முழுவதற்கும் காரணமான சார்லிக்கோ முகம் இல்லை, குரல் இல்லை. அவனைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் செய்தியே அவன் செத்துப்போனான் என்பதுதான்.

அந்தச் செய்தியும் ஒரே சீராக இல்லை. வீட்டில் ஆடும் பதிப்போடு ஆங்கிலத்தில் வந்த கையேடு, கைலும் சார்லியும் தாய்லாந்தில் பிடிபட்டதாகவும், பல மாதச் சிறைவாசத்துக்குப் பின் தப்பித் தென்கிழக்காசியக் காடுகளைக் கடந்து வரும் வழியில் சார்லி இறந்ததாகவும் சொல்கிறது. கைலின் கோபமோ பைசனின் கையைக் குறிவைக்கிறது. காட்டுவழியில் நேர்ந்த சாவுக்கும் ஒருவன் செய்த கொலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அன்று யாரும் நிரப்பவில்லை. நிரப்பத் தேவையும் இருக்கவில்லை. ஆர்கேட் எந்திரத்தில் காசு போட்டவருக்குக் கைல் ஏன் சினத்தோடு நிற்கிறான் என்று தெரிந்தால் போதும்.

சிக்கல் 1995-இல் தொடங்குகிறது. ஜப்பானில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஸீரோ’ என்றும் வெளிநாடுகளில் ‘ஆல்ஃபா’ என்றும் வந்த முன்கதைத் தொடர், 1987-இன் முதல் விளையாட்டுக்கும் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-க்கும் இடைப்பட்ட காலத்தில் நடப்பது. அதில் சார்லி மூக்குக் கண்ணாடியும் முன்னே வளைந்து நீண்ட தலைமுடியுமாக, ஆடத்தக்க வீரனாகவே வந்து நிற்கிறான். அவன் எப்படிச் சாகிறான் என்பதைக் காட்டியே ஆக வேண்டிய கடன் இப்போது கதைக்கு ஏற்பட்டுவிட்டது. அந்தக் கடனை மூன்று விளையாட்டுகள் மூன்று விதமாக அடைக்கின்றன. முதல் ‘ஆல்ஃபா’வில், தோற்றுக் கிடந்த பைசன் எழுந்து பின்னால் வந்து அவனைக் கொல்கிறான். 1996-இன் ‘ஆல்ஃபா 2’-இல் அருவியோரம் பைசனை மடக்கிய சார்லி துணைப்படையை அழைக்கிறான்; வந்த ஹெலிகாப்டரே அவனைச் சுட, அருவியில் வீழ்கிறான். 1998-இன் ‘ஆல்ஃபா 3’ வீட்டுப் பதிப்பில், கைலின் முடிவுக் காட்சியில், பைசன் தப்பாமல் இருக்க அவனைப் பிடித்து நிறுத்தியபடி சார்லி பின்தங்கிவிடுகிறான். பைசனின் அமைப்பான ஷாடலூவின் தளம் வெடிக்கிறது.

இவற்றில் எது நடந்தது? ஆர்வலர்கள் பொதுவாகத் தரும் விடை, பின்னால் வந்தது முன்னால் வந்ததை ரத்து செய்கிறது என்பது. வசதியான விதிதான். ஆனால் சுவடிகளை ஒப்பிட்டுப் படித்த எவரும் இதை ஏற்கத் தயங்குவார்கள். பிந்திய ஏடு என்பதாலேயே ஒரு பாடம் மூலபாடம் ஆகிவிடாது. பேதங்கள் ஏன் அந்தந்த இடத்தில் விழுந்தன என்று கேட்பதுதான் பயனுள்ள வேலை. சார்லியின் சாவுகளை அப்படி அடுக்கிப் பார்த்தால், முரண்களுக்கு அடியில் கதையாசிரியர்களின் கவனக்குறைவைவிட வலுவான ஒரு காரணம் தெரிகிறது. சண்டை விளையாட்டு என்னும் வடிவத்தின் இலக்கணமே அது.

வாதத்துக்குள் போகுமுன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஜப்பானியப் பதிப்பில் இறந்தவன் பெயர் நாஷ், கொன்றவன் பெயர் வேகா. குத்துச்சண்டை வீரனுக்கு அங்கே வைத்திருந்த எம். பைசன் என்ற பெயர் மைக் டைசனை நினைவூட்டி வழக்குக்கு இடமாகும் என்று அஞ்சியதால், வெளிநாட்டுப் பதிப்பில் மூன்று வில்லன்களின் பெயர்களும் இடம் மாறின. ‘நாஷைக் கொன்றவன் வேகா’ என்ற ஜப்பானிய வாக்கியத்தை ஆங்கிலப் பதிப்பை மட்டும் அறிந்தவர் படித்தால், நகம் பூட்டிய ஸ்பானிய வீரனைக் கொலைகாரனாக்கிவிடுவார். சார்லி நாஷ் என்ற முழுப்பெயர் இரண்டையும் இணைக்கிறது.

இனி இலக்கணம். ஆர்கேட் சண்டை விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் தனி முடிவுக் காட்சி உண்டு. கைலாக ஆடி முடித்தால் பைசனை வென்றவன் கைல். எட்டுப் பேரில் இன்னொருத்தியான சுன்-லியாக ஆடினால் தந்தைக்காகப் பழிவாங்கியவள் சுன்-லி. எட்டு முடிவுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொன்றும் அந்த ஆட்டக்காரர் ஈட்டிய பரிசு. காசும் பொழுதும் செலவழித்துக் கடைசி எதிரியை வீழ்த்தியவருக்கு விளையாட்டு தரும் கூலி அது.

சார்லியைத் தேர்ந்தவருக்குக் கிடைக்கும் கூலி என்ன? அவனுடைய பிணம். ஆட்டக்காரர் பைசனை நேருக்கு நேர் வென்றுவிட்டார். அந்த வெற்றியை விளையாட்டு மறுக்க முடியாது, ஏனெனில் அதை ஈட்டியது ஆட்டக்காரரின் விரல்கள். அதே வேளையில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-இல் அறிவித்துவிட்ட சாவையும் மறுக்க முடியாது. இந்த இரண்டு கட்டாயங்களும் சேர்ந்து நிற்க ஒரே வழிதான் உண்டு. சாவு சண்டைக்குப் பிறகு வர வேண்டும். முன்னிருந்து வர முடியாததால் பின்னிருந்து வர வேண்டும். தோற்றவனின் வஞ்சகமும் ஹெலிகாப்டரின் துரோகமும் தனித்தனிக் கற்பனைகளாகத் தோன்றினாலும் இரண்டையும் ஈன்றது இந்த ஒரே நெருக்கடி. சார்லியின் முதுகு கதையில் திரும்பத் திரும்பத் தாக்கப்படுவதற்குக் காரணம், அவன் மார்பு ஆட்டக்காரரின் காவலில் இருக்கிறது என்பதே.

மார்பில் படும் விழுப்புண்ணையும் முதுகில் படும் புறப்புண்ணையும் பிரித்தறிந்த மரபில் வந்தவர்களுக்கு இந்த இடம் கூடுதலாக உறுத்தும். புறமுதுகு காட்டியவனுக்கே உரிய புண், இங்கே புறமுதுகு காட்டாதவன்மேல், அவன் தோற்கவே இல்லை என்பதற்குச் சாட்சியாக விழுகிறது.

‘ஆல்ஃபா 3’ இந்த வாதத்தை உடைக்கிறதே என்று கேட்கலாம். அங்கே சார்லி தானாகவே பின்தங்குகிறான். ஆனால் அந்தக் காட்சி கைலினுடையது என்பதைக் கவனிக்க வேண்டும். வென்ற ஆட்டக்காரர் கைலாக ஆடியவர். சார்லியின் மார்புக்கு அங்கே காவல் இல்லை. ஆகவே அவன் எதிரியை முகத்துக்கு முகம் பற்றிக்கொண்டே சாக முடிகிறது. விதிவிலக்குபோல் தோன்றுவது விதிக்கே சான்றாகிறது. ‘ஆல்ஃபா 3’-இன் ஆர்கேட் பதிப்பில் கைல் கிடையாது, வீட்டுப் பதிப்பில்தான் சேர்ந்தான் என்பதும் இங்கே முக்கியம். 1991-இல் நண்பனின் சாவைச் சொன்ன ஒரே சாட்சி, ஏழு ஆண்டு கழித்துத்தான் ஆடத்தக்க வீரனாக முன்கதைக்குள் வருகிறான். வந்தவுடன் சாவின் வடிவமே மாறிவிடுகிறது.

இவ்வளவும் வணிகக் கணக்கு, விற்ற பெயரை மறுபடி விற்றார்கள் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. சார்லி ஏன் திரும்பத் திரும்ப வருகிறான் என்பதற்கு வணிகம் விடை சொல்லும். ஏன் அந்த விதமாகவே சாகிறான் என்பதற்குச் சொல்லாது.

உடலிலும் ஒரு தொடர்ச்சிச் சிக்கல் உண்டு. கதைச் சுருக்கங்கள் எழுதுவோர் பெரும்பாலும் தவறவிடுவது. கதைப்படி சார்லியே மூத்த கை, கைல் அவனிடம் கற்றவன். கைல் இரு கைகளையும் வீசி எறியும் ‘சோனிக் பூம்’ அலையைச் சார்லி ஒற்றைக் கையால் எறிவான். உருவாக்கத்திலோ முறை தலைகீழ். கைலின் அசைவுகள் 1991-இலேயே இருந்தன, அவற்றிலிருந்து 1995-இல் சார்லி வார்க்கப்பட்டான். கதைக்குள் குருவாக இருப்பவன் பட்டறையில் சீடன். அந்த ஒற்றைக் கை இந்த முரணைத் தீர்க்கும் அழகான தந்திரம்: பிந்தி வந்த நகலை முந்திய மூலமாக நம்ப வைத்துவிட்டது.

2016-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ அவனை உயிரோடு எழுப்பியது. நெற்றியில் ஒரு கல், வேறு வேறு நிறத் தோலை ஒட்டித் தைத்த உடல், ஹெலன் என்ற பெயரில் அவனை வழிநடத்தும் கோலின் என்னும் பெண். அந்த உடலை ஆடிப் பார்த்தவர்களின் கைக்கு இன்னொன்றும் தெரிந்தது. பழைய சார்லி ‘சார்ஜ்’ வீரன். ஸ்டிக்கைப் பின்பக்கம் சற்று நேரம் பிடித்துவைத்து முன்னே தள்ளினால்தான் சோனிக் பூம் பறக்கும். எழுந்து வந்தவனுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, ஸ்டிக்கைக் கால்வட்டமாகச் சுழற்றினாலே போதும். அதே விளையாட்டில் சில வாரங்கள் கழித்துச் சேர்ந்த கைல் பழையபடியே காத்திருந்து எறிகிறான். இது வெறும் சமநிலைத் திருத்தமாகவே செய்யப்பட்டிருக்கலாம். எனினும், வந்தவன் பழைய சார்லி அல்லன் என்பதைத் தையல்களைவிடத் தெளிவாகச் சொல்வது இதுதான். இருபது ஆண்டு அவனோடு பழகிய விரல்கள் அவனை அடையாளம் காணவில்லை.

அவ்விளையாட்டின் கதைப்பகுதியான ‘எ ஷாடோ ஃபால்ஸ்’ இந்த மீட்சியைக் கைலின் துயரத்தோடு மோதவிடுகிறது. நண்பன் உயிரோடிருந்தால் கைலின் பழிக்கு அடிப்படையே இல்லை. எனவே சார்லி மறுபடியும் சாக வேண்டியிருக்கிறது. இம்முறை பைசனின் ஆற்றலைக் குலைப்பதற்காகத் தன்னையே தந்து அழிகிறான். பைசனை முடிப்பது தொடரின் மைய வீரன் ரியு. இந்தக் கதைப்பகுதியில் ஆட்டக்காரர் யாரையும் தேர்ந்துகொள்வதில்லை. கதை தானே ஒவ்வொரு காட்சிக்கும் ஒருவரைக் கையில் தருகிறது. யாருடைய தனி வெற்றியையும் காக்க வேண்டிய கடமை அதற்கு இல்லை. ஆர்கேட் இலக்கணம் தளர்ந்த இடத்தில், யாருடைய முடிவுக் காட்சியும் அல்லாத கதையில் சார்லிக்கு விழுப்புண் கிடைத்துவிட்டது. நான்கு சாவுகளிலும் அவனுக்குத் தகுந்த சாவு இதுவென்றே கருதுகிறேன். முந்தியவற்றை ரத்து செய்ததால் அல்ல, அவை அடைய முடியாததை அடைந்ததால்.

2023-இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’-இன் தொடக்க வரிசையில் 18 வீரர்கள். கைல் இருக்கிறான், சார்லி இல்லை.