ஹாஸ்பைஸ் பராமரிப்பு: கைவிடுவதா, உடனிருப்பதா?

"இனி மருந்து கேட்காது, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று மருத்துவர் சொன்ன பிறகும் நோயாளிக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அந்தப் பணிக்குப் பெயர்தான் ஹாஸ்பைஸ். குணமாக்க முடியாத நிலையில் வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண், பயம் ஆகியவற்றைத் தணித்து இறுதிவரை உடனிருக்கும் பராமரிப்பு அது. தனி இல்லத்தில் நடக்கலாம். செவிலியர் வீடு தேடி வந்தும் செய்யலாம்.

இது நமக்கு அந்நியமானதல்ல. அயர்லாந்தின் பிறரன்புச் சகோதரிகள் 1879இல் டப்ளினில் இறக்கும் நிலையிலிருந்த ஏழைகளுக்காக ஓர் இல்லம் திறந்தார்கள். 1905இல் அவர்கள் லண்டனில் தொடங்கிய புனித சூசையப்பர் இல்லத்தில்தான் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலிக்கன் மருத்துவர் 1958 முதல் பணியாற்றினார். வலி வந்து நோயாளி கதறும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் மார்ஃபின் கொடுக்கும் முறையை அங்கே நடைமுறைப்படுத்தினார். 1967இல் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸை நிறுவினார். நம் நாட்டின் முதல் ஹாஸ்பைஸ் 1986இல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேதனா சதன்.

இது கருணைக்கொலை அல்ல. கருணைக்கொலை உயிரைப் பறிக்கிறது. ஹாஸ்பைஸ் சாவை விரைவுபடுத்துவதுமில்லை, வீணே இழுத்தடிப்பதுமில்லை. பயனைவிடச் சுமையே மிகுந்த சிகிச்சையை நிறுத்தலாம், ஆனால் வழக்கமான பராமரிப்பை நிறுத்தக்கூடாது என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2278, 2279). நகையை அடகு வைத்து வெண்டிலேட்டரை நீட்டித்தால்தான் பாசம் என்று எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்லவில்லை.

பங்குகளில் கேட்கும் இன்னொரு பேச்சு: "மார்ஃபின் வேண்டாம் சாமி, வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கட்டும்." ஒப்புக்கொடுப்பது நோயாளியின் உரிமை. கட்டிலருகே நிற்பவர் அடுத்தவருடைய வலியை ஒப்புக்கொடுக்க முடியாது. கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை இயேசு மறுத்தார் (மாற்கு 15:23). அது அவரே எடுத்த முடிவு. சாவை நோக்கமாகக் கொள்ளாமல் வலியைத் தணிக்க மருந்து தருவது முறையே என்று திருத்தந்தை 12ஆம் பயஸ் 1957இலேயே தெளிவுபடுத்திவிட்டார்.

நோயில்பூசுதலை இன்னும் பலர் 'அவஸ்தைப்பூசுதல்' என்றே நினைத்து, நினைவு தப்பிய பிறகு குருவானவரைத் தேடி ஓடி வருகிறார்கள். கடைசி நேரத்துக்கு மட்டும் உரியதல்ல இந்த அருளடையாளம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லி அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நோயாளி பேசும்போதே அழையுங்கள்; ஒப்புரவும் நற்கருணையும் பெறட்டும், மனத்தாங்கல் உள்ள உறவினரோடு பேசட்டும். அதற்குத் தம் நோய் இன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வலிநிவாரண சிகிச்சைப் பிரிவு அருகில் எங்கே இருக்கிறது என்று உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள், வலி முற்றுவதற்கு முன்பே.